மூன்று குடுமிகள்

மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி' தொடங்கும்போது திரையில் ஆள் நடமாட்டம் கிடையாது. புகை சூழ்ந்த இருட்டில் ஒரு போர்க்கவசம் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கவசம், முகமூடி, மார்புத்தகடு எல்லாம் உண்டு. உள்ளே உடம்பு இல்லை. அந்த மாளிகைக்காரர்கள் தங்கள் மூதாதையரின் கவசமென்று அதைக் கும்பிடுகிறார்கள். தோரு தகெமித்சுவின் இசையில் பிவா என்ற பழைய நரம்புக் கருவி எப்போதாவது ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. பிறகு ஒரு குறிப்பேடு திறக்கிறது. 1630ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம், 13ஆம் நாள். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் இருக்கும் ஈயி பிரபுவின் மாளிகையில் அன்று நடந்ததாக அந்த வீட்டார் எழுதிவைத்தது அதில் இருக்கிறது.

நடந்தது என்ன, எழுதிவைத்தது என்ன என்ற இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது மிச்சப் படம்.

அது வெளிவந்தது 1962இல். நான் பார்த்தது அதற்கு நாற்பது வருஷங்களுக்கும் மேலாகக் கழித்து, டோக்கியோவில், இகெபுகுரோ பகுதியின் ஷின் புங்கெய்சா அரங்கில். பழைய படங்களைத் தேடிப் பிடித்து ஒரே சீட்டுக்கு இரண்டிரண்டாக அப்போது காட்டிவந்த அரங்கு அது. என்னை அங்கே கூட்டிப்போனவர் எங்கள் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்தவர். என்னுடைய ஜப்பானிய மொழி மென்பொருள் வேலைக்கும் ரயிலுக்கும் போதும். சாமுராய்கள் பேசும் பழம்பேச்சுக்குப் போதாது. ஆங்கில வரிகளும் கீழே ஓடாது என்பதால், படத்துக்கு முன்னால் பக்கத்து சோபா நூடுல்ஸ் கடையில் உட்கார வைத்து, "இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள், மற்றதை நாயகன் நகதாயின் குரல் சொல்லிவிடும்" என்றார்.

முதல் விஷயம், சமாதானம். 1600இல் செகிகாஹரா போரில் தொகுகாவா இயெயாசு ஜெயித்தார். 1615இல் ஒசாகா கோட்டையும் விழுந்தது. அதோடு பெரிய போர்கள் ஓய்ந்தன. வாள் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு வேலை ஓய்ந்ததும் அப்போதுதான்.

இரண்டாவது, ஹிரோஷிமா கோட்டை. அதை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி, செகிகாஹராவில் இயெயாசுவின் பக்கம் நின்று போரிட்டவர். அதற்குப் பரிசாகத்தான் ஹிரோஷிமா கிடைத்தது. வெள்ளத்தில் சேதமான கோட்டையை, நாட்டின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் அனுமதி இல்லாமல் செப்பனிட்டார் என்று 1619இல் அவருடைய நாட்டைப் பறித்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் கொக்கு நெல் விளையும் நாடு. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி. பிரபு போனதும் அவரை அண்டியிருந்த வீரர்கள் எல்லோரும் ஒரே கையெழுத்தில் ரோனின் ஆனார்கள், அதாவது எஜமானற்ற சாமுராய்கள். "வாரிசு இல்லாமல் பிரபு இறந்தாலும் இதே கதிதான். இப்படி நாடு நாடாகக் கலைத்தார்கள்" என்றார் மூத்தவர். கலைந்தவர்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி எடோவுக்கு வந்தார்கள். படத்தின் கதை நடக்கும் காலத்துக்கு இருபது வருஷம் கழித்து, 1651இல், யூயி ஷோசெத்சு என்பவர் தலைமையில் ரோனின்கள் ஆட்சியைக் கவிழ்க்கவே திட்டம் போட்டார்கள். அது முறியடிக்கப்பட்ட பிறகுதான், சாகக் கிடக்கும் பிரபு கடைசி நேரத்தில் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியது.

இவ்வளவையும் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தின் பின்பக்கம் அவர் எழுதிக்காட்டினார். அந்தக் காகிதம் மட்டும் கையில் இல்லாவிட்டால், ஹன்ஷிரோ என்ற நடுவயது மனிதர் அழுக்கு உடையோடு மாளிகை வாசலில் வந்து நின்று, "முன்னாள் ஃபுகுஷிமா வீரன்" என்று சொன்னதன் கனம் எனக்குப் பிடிபட்டிருக்காது.

அவர் கேட்பது ஒரே ஒரு உதவி. வறுமையில் கிடந்து சாவதைவிட மரியாதையாக வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக விரும்புகிறேன், அதற்கு உங்கள் முற்றத்தைக் கொடுங்கள் என்கிறார். மாளிகையின் மூத்த ஆலோசகர் சைதோவுக்கு இது புதிதல்ல. வேறொரு பிரபுவின் வீட்டில் இப்படி வந்து கேட்ட ரோனின் ஒருவனின் உறுதியை மெச்சி வேலையே கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி பரவியதும் பலர் இதே வார்த்தைகளோடு வீடு வீடாக ஏற ஆரம்பித்தார்கள். வீட்டார் சங்கடப்பட்டு நாலு காசு கொடுத்து அனுப்பினார்கள். அதனால் சைதோ ஹன்ஷிரோவை உட்காரவைத்து, சில மாதங்களுக்கு முன் இதேபோல் வந்த மோதோமே என்ற இளைஞனின் கதையைச் சொல்கிறார். அதே ஃபுகுஷிமா வீட்டைச் சேர்ந்தவன்தான்.

அந்தக் கதையை எழுதுவதற்கு இன்றும் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் எழுதாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. அவனைக் குளிக்கச் சொல்கிறார்கள். நல்ல உடை தருகிறார்கள். இளைய பிரபு உன்னைப் பார்க்க விரும்புகிறார் என்கிறார்கள். அவன் முகம் மலர்ந்துவிடுகிறது. பிறகு அதே ஆட்கள் சாவுக்கு உடுத்தும் வெள்ளை உடையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் பதறி, ஒரு நாள், இரண்டு நாள் தவணை கொடுங்கள், கட்டாயம் திரும்பி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று சிரிக்கிறார்கள். அவனுடைய வாளை உருவிப் பார்த்தால் அது மூங்கில். இரும்பு வாள்களை எப்போதோ விற்றுவிட்டு, இடுப்பில் வெறும் தோற்றத்துக்காக மூங்கிலைச் செருகியிருக்கிறான். சாமுராயின் ஆன்மாவே வாள்தான், அவனுடைய வாளாலேயே அவன் சாகட்டும் என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த மூங்கிலால்தான் அவன் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறான். அது இறங்கவில்லை. முனையை வயிற்றில் வைத்துத் தன் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்கிறான். தலையை வெட்டி வேதனையை முடிக்க வேண்டிய ஒமொதாகா என்ற வாள்வீரன், முழுதும் கிழித்தால்தான் வெட்டுவேன் என்று நின்றுகொண்டிருக்கிறான். கடைசியில் மோதோமே தன் நாக்கைக் கடித்துக்கொண்டு சாகிறான்.

அரங்கில் இருமல் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்மணி கைப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடினேன், காதை மூடத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் எனக்குள் தங்கிவிட்டது. மூத்தவர் மட்டும் திரையிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

படம் வெளிவந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அப்பாவோடு பார்க்கப் போயிருக்கிறார். மஞ்சூரியாவில் பட்டாளத்தில் இருந்து திரும்பிய அப்பா. படம் முடிந்து வீடு சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "படம் எடுத்தவர் பட்டாளத்தில் இருந்தவர்தான், சந்தேகமே இல்லை" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் கணித்தது உண்மை. கோபயாஷி 1916இல் ஹொக்கைதோ தீவின் ஒதாருவில் பிறந்தவர். வாசெதா பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுக் கலை வரலாறு படித்தார். 1941இல் ஷோச்சிக்கு நிறுவனத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்து நிலைகொள்வதற்குள் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போரை வெறுத்தவர் அவர். அந்த எதிர்ப்பைக் காட்ட அவருக்குக் கிடைத்த ஒரே வழி பதவி உயர்வை மறுப்பது. மேலே போகச் சொன்னபோதெல்லாம் மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தார். போர் முடிந்தபோது ஒகினாவாவில் கைதிகள் முகாமில் கிடந்தார். திரும்பி வந்து அவர் எடுத்த 'மனித நிலை' மூன்று பாகங்கள், ஒன்பதரை மணி நேரம். மஞ்சூரியாவில் மனசாட்சியோடு வாழ முயன்று நசுங்கும் ஒருவனின் கதை. அதன் நாயகன் தத்சுயா நகதாய். அதற்குப் பிறகு கோபயாஷி, நகதாய், ஒளிப்பதிவாளர் யோஷியோ மியாஜிமா மூவரும் 1630ஆம் ஆண்டுக்குப் போனார்கள். காலம் மாறியது, உடை மாறியது. கோபயாஷியின் கோபம் அதே முகவரிக்குத்தான் போயிற்று. மேலே இருப்பவன் சொன்னதைக் கீழே இருப்பவன் உடம்பால் கட்ட வேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான் அவருக்கு எதிரி.

ஹன்ஷிரோ கதையைக் கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டதற்கு முதலிலேயே தெரியாது என்று சொல்லியாயிற்று. என் வாள் மூங்கில் இல்லை, கவலை வேண்டாம் என்கிறார். முற்றத்தில் வெள்ளைப் பாயின் மேல் உட்கார்கிறார். சுற்றிலும் ஈயி வீட்டு வீரர்கள். என் தலையை வெட்ட ஒமொதாகா வர வேண்டும் என்று கேட்கிறார். ஆள் அனுப்பினால், உடம்பு சரியில்லை என்று பதில் வருகிறது. சரி, யாசாகி? அவருக்கும் உடம்பு சரியில்லை. கவாபே? அவருக்கும். மோதோமேயின் சாவை முன்னின்று நடத்திய மூவரும் ஒரே சமயத்தில் வீட்டோடு முடங்கியிருக்கிறார்கள். சைதோவின் முகம் அப்போதுதான் மாறத் தொடங்குகிறது. ரென்தாரோ மிகுனி அந்த மாற்றத்தை இமையளவில் மட்டும் காட்டுகிறார்.

ஆள் போய்வரும் இடைவெளிகளில் ஹன்ஷிரோ பொழுதுபோக்காகப் பேசுவதுபோல் தன் வாழ்க்கையைச் சொல்கிறார். நகதாய்க்கு அப்போது இருபத்தொன்பது வயது. பேரன் எடுத்தவனாக நடிக்கிறார். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக முற்றத்தில் வைக்கிறார். எனக்குப் பாதி புரியவில்லை என்பது உண்மை. புரியாத பாதியும் என்னை விடவில்லை என்பதும் உண்மை.

மோதோமே அவருடைய நண்பரின் மகன். பிரபு வீழ்ந்தபோது நண்பர் உயிரை விட்டு, பதினைந்து வயதுப் பையனை இவர் கையில் ஒப்படைத்தார். இவருக்கு மிஹோ என்று ஒரே மகள். எடோவில் ஒரு குச்சுவீட்டில் குடை ஒட்டிப் பிழைக்கிறார்கள். மோதோமே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். இருவருக்கும் கல்யாணமாகி, கிங்கோ என்று ஒரு குழந்தை. மிஹோவுக்குச் சயரோகம், ரத்தம் கக்குகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, வைத்தியரைக் கூப்பிடக் காசில்லை. கடன் வாங்க ஓரிடம் தெரியும், சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று மோதோமே கிளம்பினான். ராத்திரி ஈயி வீட்டு ஆட்கள் அவன் பிணத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். மூங்கில் வாளையும் எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் படத்தின் உச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம். வாள்சண்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோவது எனக்கு வியப்பாக இருக்கும். மருமகன் வாளை விற்றிருக்கிறான் என்பது ஹன்ஷிரோவுக்கு அப்போதுதான் தெரிகிறது. மனைவியின் மருந்துக்காக, குழந்தையின் கஞ்சிக்காக விற்றிருக்கிறான். ஹன்ஷிரோ தன் இடுப்பு வாளைப் பார்க்கிறார். அதை விற்கலாம் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. பேரன் பசியில் அழுதபோதுகூடத் தோன்றவில்லை. அந்த வாளைத் தூக்கித் தரையில் எறிந்து கதறுகிறார். பழிவாங்கும் கதைகளில் நாயகனின் கோபம் எப்போதும் வெளியே இருக்கும் எதிரியை நோக்கி ஓடும். இங்கே அது முதலில் அவருடைய இடுப்பிலேயே வந்து முட்டுகிறது. ஈயி மாளிகையில் இருக்கும் காலிக் கவசத்தைக் கும்பிடுகிறவர்களும், பசியிலும் வாளை விடாத இவரும் ஒரே மதத்துக்காரர்கள். இதை அறிந்த பிறகுதான் அவர் அந்த வாசலுக்குப் போகிறார். இரண்டொரு நாளில் குழந்தை போகிறது. அடுத்து மிஹோ. போவதற்கு வேறு இடமும் அவருக்கு இல்லை.

திரைக்கதை ஷினோபு ஹஷிமோதோ. 'ரஷோமோன்', 'ஏழு சாமுராய்' எழுத்தில் இயக்குநர் குரோசாவாவோடு இருந்தவர். மூலம் யாசுஹிகோ தாகிகுச்சியின் கதை. நடந்ததை ஒருவர் சொல்ல, அதையே இன்னொருவர் வேறு பக்கத்திலிருந்து சொல்ல, முன்னால் கேட்டது அர்த்தம் மாறிப்போகும் உத்தியை 'ரஷோமோ'னில் பார்த்தோம். அங்கே உண்மை எது என்று தெரியாமல் நாம் நிற்கிறோம். இங்கே உண்மை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஹன்ஷிரோ சொல்லும் ஒரு நியாயம் அன்றைக்கு எனக்கு முழுதாகக் கேட்டது, ஏனென்றால் அதைச் சாதாரணச் சொற்களில் சொல்கிறார். தவணை கேட்டவன் ஒரு நாளோ இரண்டு நாளோதான் கேட்டான். இவ்வளவு பேர் இருந்தீர்களே, எதற்காகக் கேட்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?

மூத்தவர் இருட்டில் அசைந்து உட்கார்ந்தார். அந்த மாதம் எங்கள் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் வேலையை விட்டுப் போயிருந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சில நாள் விடுப்புக் கேட்டிருக்கிறான். வேலை முடிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது என்று மேலே மறுத்துவிட்டார்கள். ஜப்பானில் ராஜினாமாக் கடிதத்துக்கு ஒரு வாசகம் உண்டு, எல்லோரும் அதையேதான் எழுதுவார்கள்: சொந்தக் காரணங்களுக்காக. அவனும் அதையே எழுதினான். அது கோப்பில் ஏறியது. அவனுக்கு என்ன நடந்தது என்று அந்தக் கோப்பைப் படிக்கிற யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும் மூத்தவர் முதலில் பேசியது ஹன்ஷிரோவைப் பற்றி அல்ல, அந்தப் பையனைப் பற்றி. மறுநாள் அவனைத் தொலைபேசியில் அழைத்தார். ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

முற்றத்துக்குத் திரும்புகிறேன். கதையைச் சொல்லி முடித்த ஹன்ஷிரோ, மடியிலிருந்து எதையோ எடுத்து மணலில் போடுகிறார். ஒரு குடுமி. இன்னொன்று. பிறகு ஒமொதாகாவுடையது. மூவரையும் அவர் கொல்லவில்லை. வாளால் வென்று, குடுமியை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு விட்டிருக்கிறார். குடுமி போன சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியவன். மோதோமேக்குச் சட்டம் பேசிய அந்த மூவரும், முடி வளரும் வரை உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானில் பழி என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது நாற்பத்தேழு ரோனின்கள். தங்கள் பிரபுவைச் சாகவைத்தவனின் தலையை 1703 ஜனவரியில் வெட்டி, செங்ககுஜி கோயிலில் இருக்கும் பிரபுவின் சமாதியில் வைத்தவர்கள். அவர்களுடைய கல்லறைகளில் இன்றும் ஊதுவத்திப் புகை ஓய்வதில்லை. அந்தப் பழி பிரபுவுக்காக. அதில் வாங்கியது ஒரு தலை. ஹன்ஷிரோவின் பழி குடை ஒட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்துக்காக. அவர் கேட்பது தலையைக்கூட அல்ல. உங்கள் ஆளுக்கு வேறு சட்டம், எங்கள் பையனுக்கு வேறு சட்டமா என்ற கேள்வி அது. நீங்கள் கும்பிடும் அந்தக் கௌரவத்துக்கு உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கிறார். அதனாலேயே நான் பார்த்த எல்லாப் பழிக்கதைகளிலும் இதை மேலே வைப்பேன்.

ஒமொதாகாவோடு நடக்கும் சண்டை கோஜியின் என்ற வெட்டவெளியில். காற்று புல்லைப் படுக்கப்போட்டு அடிக்கிறது. இருவரும் வெகுநேரம் அடிக்கவே இல்லை. உடம்பைத் தாழ்த்தி, கால் மாற்றி மாற்றி அளந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நிஜ வாள்களையே பயன்படுத்தினார்கள் என்று நகதாய் பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே 1962இல் குரோசாவாவின் 'சஞ்சுரோ'வில் நடிகர் மிஃபூனேயின் ஒரே வீச்சில் ரத்தம் பீறிட்டு விழுபவரும் இதே நகதாய்தான். அங்கே ஒரு நொடியில் முடிந்தது இங்கே முடியவே மாட்டேன் என்கிறது. தகெமித்சு பிவாவை இந்தப் படத்தில் பின்னணிக்கு வாசிக்கவில்லை. காட்சியின் நரம்பைச் சுண்டிவிடுகிறார்.

2011இல் தகாஷி மீகே இதே கதையை வண்ணத்தில், முப்பரிமாணத்தில் மறுபடி எடுத்தார். குடும்பத்தின் வறுமையை அவர் இன்னும் நிதானமாகக் காட்டுகிறார். இருந்தாலும் கறுப்பு வெள்ளையில் அந்த மாளிகையின் தாழ்வாரங்களுக்கு இருந்த குளிர் வண்ணத்தில் வரவில்லை.

கடைசிச் சண்டையில் நால்வர் சாகிறார்கள், எட்டுப் பேருக்குப் பலத்த காயம். வெளியே இரைச்சல் நடக்கும்போது சைதோ தனி அறையில் உட்கார்ந்திருக்கிறார். ரத்தம் ஒழுக ஒழுக ஹன்ஷிரோ அந்தக் கவசம் இருக்கும் அறைக்குள் போய், அதைத் தூக்கித் தரையில் அடிக்கிறார். துப்பாக்கிகள் வருகின்றன. வாளின் கௌரவம் பேசிய வீடு, கடைசியில் ஒரு தனி ஆளை வாளால் வெல்ல முடியாமல் தூரத்திலிருந்து சுடுகிறது. பிறகு வேலை மளமளவென்று நடக்கிறது. முற்றத்தைக் கழுவுகிறார்கள். மணலில் கிடந்த குடுமியை ஒருவன் பொறுக்கிப் போடுகிறான். கவசத்தை மறுபடி உட்காரவைக்கிறார்கள். ஒமொதாகா ஏற்கெனவே வயிற்றைக் கிழித்துக்கொண்டான் என்று செய்தி வருகிறது; மற்ற இருவரையும் சாகச் சொல்லி ஆள் போகிறது. அவர்களும் சண்டையில் விழுந்தவர்களும் நோயால் இறந்தார்கள், ஹன்ஷிரோ தானே வயிற்றைக் கிழித்துக்கொண்டார் என்று சைதோ எழுதச் சொல்கிறார். குறிப்பேடு மூடுகிறது.

1963இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

பல வருஷம் கழித்து, டோக்கியோவின் செதகாயா பகுதியில் இருக்கும் கோதொகுஜி கோயிலுக்குப் போனேன். கையைத் தூக்கி அழைக்கும் வெள்ளைப் பூனைப் பொம்மைகளுக்குப் பேர்போன இடம். பூனை ஒன்று கைகாட்டி அழைத்து ஒரு பிரபுவை இடிமழையிலிருந்து காப்பாற்றியதாகத் தலபுராணம். அந்தப் பிரபு ஈயி நவோதாகா. 1630இல் அந்த வம்சத்தின் தலைவர் அவர்தான், அதாவது ஹன்ஷிரோ போய் நின்ற மாளிகைக்குச் சொந்தக்காரர். கதை கற்பனை, வீடு நிஜம். பூனைகளைத் தாண்டிப் பின்னால் போனால் ஈயி குடும்பத்தின் கல்லறைகள். அவற்றில் ஒன்று நவோசுகேயினுடையது.

ஷோகுன் அரசின் தலைமை அமைச்சராக இருந்த ஈயி நவோசுகே, 1860 மார்ச்சில் பனி கொட்டிய ஒரு காலையில் தன் மாளிகையிலிருந்து கிளம்பி எடோ கோட்டையின் சகுராதா வாசலுக்குப் பல்லக்கில் போனார். மாளிகை இருந்த இடம் இன்று நாடாளுமன்றத்துக்கு முன்னால் பூங்காவாக இருக்கிறது. அங்கிருந்து வாசல் கூப்பிடு தூரம்தான். வழியில் பதினெட்டுப் பேர் பாய்ந்தார்கள். பனிக்காக வாளுறைக்கு மேலுறை மாட்டியிருந்ததால் காவலர்களால் உடனே வாளை உருவ முடியவில்லை. தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வாரிசை முறைப்படி அறிவிக்காமல் பிரபு செத்தால் வீடு கலையும். ஹன்ஷிரோவைப் போன்றவர்களைத் தெருவில் நிறுத்திய அதே வகை விதி. ஆகவே ஈயி வீட்டார், எங்கள் வீரன் ஒருவனின் தலை என்று சொல்லி அந்தத் தலையை வாங்கி வந்து உடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பிரபு காயம்பட்டிருக்கிறார் என்று பிரபுவின் பெயரிலேயே ஷோகுன் அரசுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அரசும் உண்மை தெரிந்தே உடல்நலம் விசாரிக்க ஆள் அனுப்பியது, உடம்பு தேற ஜின்செங் வேர் கொடுத்தது. வாரிசு வேலைகள் முடிந்த பிறகே சாவு அறிவிக்கப்பட்டது. சைதோ எழுதச் சொன்ன அதே நோய், அதே மை.

இரண்டு வருஷம் கழித்து, 1862இல், அன்று பல்லக்கோடு போய் உயிர் தப்பிய காவலர்களை வீடு விசாரித்தது. பலத்த காயம் பட்டவர்களை ஊர்விலக்கம் செய்தார்கள். லேசான காயம் பட்டவர்கள் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. காயமே படாதவர்களைத் தலை வெட்டிக் கொன்றார்கள். 'ஹராகிரி' வெளிவந்தது அதற்குச் சரியாக நூறாவது வருஷம்.

இதையெல்லாம் மூத்தவருக்கு எழுதினேன். அதற்குள் அவர் ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டிருந்தார். பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் மிதோ நாட்டுக்காரர்கள் என்று பதில் எழுதினார். தங்கள் பிரபுவுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று சேவையிலிருந்து விலகி, ரோனின்களாகத்தான் அந்தப் பனிக்குள் வந்து நின்றார்களாம். அவர்களை அவர் பாராட்டவில்லை. ஹன்ஷிரோ அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார் என்பது அவருடைய உறுதியான கருத்து. எனக்கும் அதுவே.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. குறிப்பேடு ஜெயித்துவிட்டது, படம் அதைத்தான் சொல்கிறது என்பார் அவர். ஈயி வீட்டின் காகிதங்கள் ஆயிரக்கணக்கில் பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அந்த வம்சத்தின் சிவப்புக் கவசங்களும் அங்கேதான் இருக்கின்றன, ஆய்வாளர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார்கள், வீடு மறைத்ததெல்லாம் இன்று புத்தகங்களில் இருக்கிறது என்பேன் நான். "நவோசுகேயைப் பற்றி எழுதுவார்கள்" என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார். "அந்தக் காவலர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்."

தேடிக்கொண்டிருக்கிறேன்.